பேனர் அண்ணனும் கண்ணில்லாத விருந்தாளியும்

நெய்வேலியில் பேனர் அண்ணன் கைபடாத முகம் ஒன்றைக் காட்டுங்கள், நான் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன். காது குத்திக்கொண்டவர், மாலை மாற்றிக்கொண்டவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மாலையோடு சுவரில் ஏறிவிட்டவர் என்று டவுன்ஷிப்பில் எல்லோர் முகமும் ஒரு முறையாவது அவருடைய கம்ப்யூட்டருக்குள் போய், நன்றாக வெளுத்து, மூக்கு கொஞ்சம் கூர்மையாகித்தான் வெளியே வந்திருக்கிறது. என் கல்யாண பேனரில் என்னை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் மாமியார் இன்றைக்கும் அந்த பேனரில் இருக்கிற பெண்ணைத்தான் மருமகளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டவுன்ஷிப்புக்குப் பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. தலை முழு வழுக்கை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அது அவருக்கு இல்லை, போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு. கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் தலையை வாரிவிடாமல் கேமராவைத் தொடமாட்டார். அதுவும் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. பேசிக்கொண்டே நெருங்கி வந்து, நம் தாடையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்கு வாருவதுபோல் படிய வாரிவிட்டுப் போய்விடுவார்.

என் தோழி ஒருத்தி அவளுடைய அப்பாவின் ஓய்வு விழாவுக்கு பேனர் போடப் போனாள். அப்பா கேன்டீனில் வேலை பார்த்தவர். பரம சாது. பேனரில் அவருக்குப் பின்னால் ஒரு புலி நடந்து வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, எங்கப்பாவுக்கு எதுக்கு புலி?"

"உங்கப்பா எங்க வேல பாத்தாரு?"

"கேன்டீன்ல."

"ஷிப்டு முடிஞ்சி பசியோட வர்ற அத்தினி பேருக்கும் சோறு போட்டுக்கினு இருந்த மனுசன். அவரு தாங்கினதுக்கு ஒரு புலியாச்சும் வேணாமாம்மா?"

புலியோடு பேனரை வாங்கிக்கொண்டு வந்தாள். விழாவில் அவள் அப்பா அந்தப் புலியைப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தியதாகவும், அன்றிலிருந்து வீட்டில் காபி சூடாக இல்லையென்றால் உறுமுவதாகவும் கேள்வி.

சாலையோரம் பேனர் வைப்பதற்குக் கெடுபிடி வந்தபோது அண்ணனின் கடை படுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். கேபிள் டிவியில் ஆரம்பித்து, பிறகு வீட்டுக்கு வீடு இன்டர்நெட்டும் போனும் தருகிற உள்ளூர் கம்பெனி எங்களுடையது. பஜாருக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். முதலாளி, நாலைந்து லைன்மேன்கள், ஒரு கணக்குப்பிள்ளை, அப்புறம் நான். எனக்கு வாடிக்கையாளர்களின் போனை எடுக்கிற வேலை. அதாவது, லைன் போய்விட்டால் ஊரிடம் திட்டு வாங்குகிற வேலை. வாங்கிய திட்டை எங்கேயும் இறக்கி வைக்க முடியாததால் என் குரல் கொஞ்சம் கறாராகிவிட்டது உண்மைதான். அதைப் பற்றிப் பிறகு உலகமே பேசும்படி ஆனது, அதற்கு வருகிறேன்.

கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியபோது, வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பேனர் அண்ணன் அவர் கண்ணில் பட்டார்.

"வெப்சைட்டும் ஒரு பேனர்தானேய்யா? காத்துல கிழியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நீயே பண்ணிடேன்" என்றார் முதலாளி.

விபரீதம் அந்த வாக்கியத்தில் தொடங்கியது.

அண்ணன் எங்கெங்கோ கேட்டுப் படித்து வெப்சைட் செய்துவிட்டார். அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் பக்கத்தில் முதலாளி ஆளுயரத்துக்குக் கை கூப்பி நின்றார். அவர் பின்னால் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத இயந்திரம். அதன் சக்கரத்திலிருந்து நிலக்கரிக்குப் பதிலாக நட்சத்திரங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அருவி. மேலே வெண்புறா. மாத பிளான் விவரமெல்லாம் தங்க எழுத்தில், ரோஜா மாலைக்குள். எங்கெங்கே இணைப்பு தருகிறோம் என்பது ஒரு மயிலின் தோகைக் கண்களுக்குள் டவுன்ஷிப்பின் ஒவ்வொரு வட்டமாக, அதாவது ஒவ்வொரு பிளாக்காக எழுதப்பட்டிருந்தது. எல்லாமே படம். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழு பேனர். போன் நம்பர்கூடப் படத்துக்குள்தான், முதலாளியின் வயிற்றுக்கு மேல் இருந்தது. அதைத் தொட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்து முதலாளியின் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தவர்கள் பலர்.

அந்த முதல் பக்கத்துக்கு வருவதற்குள்ளேயே ஒருவருக்கு நாக்கு தள்ளிவிடும். 'வருக' என்று ஒரு படம் வந்து மறைக்கும். அதை மூடினால் 'வருக வருக'. அதை மூடினால் பொங்கல் வாழ்த்து. அப்புறம் முதலாளியின் பேத்தி பிறந்தநாள். இப்படி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போக வேண்டும்.

"எதுக்குண்ணே இத்தனை?" என்று கேட்டேன்.

"வடலூர்ல ஜோதி பாத்திருக்கியா தங்கச்சி? ஏழு திர வெலகினாதான் தரிசனம். சும்மா கெடச்சா மதிப்பு இருக்குமா?"

"அது ஜோதிண்ணே. இது மாசச் சந்தா."

"கட்றவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. உள்ளூர்க்காரர்கள் யாரும் வெப்சைட்டைப் பார்த்து இணைப்பு வாங்கவில்லை. லைன்மேனைத் தெருவில் மடக்கி வாங்கினார்கள். அதனால் அதில் இருந்த கோளாறு தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தது வெளியூரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர வருகிறவர்களால். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் கேட்பதில்லை, செல்போனில் இருக்கிற செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். அது எல்லோருடைய வெப்சைட்டையும் படித்துவிட்டு வந்து பதில் சொல்கிறது. எங்கள் வெப்சைட்டையும் படித்திருந்தது. அதைப் படித்துவிட்டு ஊருக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது எனக்கு ஒரு காலைப்பொழுதில் போனில் தெரிந்தது.

"ஹலோ, எங்க பையனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். ஒரு பேனர் வேணும்."

"தப்பான நம்பர். இது இன்டர்நெட் கம்பெனி" என்றேன்.

மறுபடி மணி அடித்தது. இந்த முறை புதிதாக வந்த ஒரு டிரெய்னிப் பெண்.

"மேடம், பக்கத்துல இன்டர்நெட் யார் தர்றாங்கன்னு கேட்டேன். உங்க பேரைச் சொல்லல. நானே உங்க பேரைச் சொல்லிக் கேட்டா, அது பேனர் கடைன்னு சொல்லுது. பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்து தருவாங்கன்னு சொல்லுது. உண்மையில நீங்க யாரு?"

அதை நானும் யோசித்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. வெப்சைட் முழுக்கப் படமாக இருந்தாலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அண்ணன் பழக்க தோஷத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி தட்டி வைத்திருந்தார்: 'பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி பேனர்கள் குறித்த நேரத்தில் செய்து தரப்படும்.' அந்த வெப்சைட்டில் எழுத்தாக இருந்தது அந்த ஒரு வரிதான். எழுத்தை மட்டும் படிக்கிற இயந்திரம் அதைப் படித்துவிட்டு, படித்ததை நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலாளி ஆடிப்போனார். சென்னையில் வெப்சைட் செய்கிற ஒரு ஏஜென்சியைப் பிடித்தார். அங்கிருந்து ஒருவர் வீடியோ காலில் வந்தார், தன்மையான மனிதர். எங்கள் வெப்சைட்டைத் திறந்து, ஒவ்வொரு 'வருக'வாக மூடிக்கொண்டே வந்து, முதலாளியின் பேத்திக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, விளக்கினார்.

"சார், இப்போ வெப்சைட்டுக்கு மனுஷங்க மட்டும் வர்றதில்ல. இந்த ஏஐ கம்பெனிகளோட மிஷின் புரோகிராமும் வந்து படிச்சிட்டுப் போகும். அதுக்குப் படம் பெரும்பாலும் தெரியாது. எழுத்துதான் தெரியும். உங்க சைட்டுல எழுத்தே இல்ல. மொத்தமா எங்ககிட்ட குடுத்துடுங்க, புதுசா செஞ்சு நாங்களே பார்த்துக்கறோம்."

"அப்ப இங்க இருக்கிற ஆளு?" என்றார் முதலாளி.

"இங்க ஆள் தேவைப்படாது சார்."

பேனர் அண்ணன் அதே அறையில்தான் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. நானும் போன் அடிக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. கால் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்யா. அதுக்குள்ள அந்த மிஷின் நம்மள இன்டர்நெட் கம்பெனின்னு சொல்லிடுச்சுன்னா சைட்டு உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா அவங்ககிட்ட குடுத்துடுறேன். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அண்ணன் என் மேஜைக்கு வந்தார். "தங்கச்சி, அந்த ஆளுக்கு என்னாதான் தெரியுதுன்னு பாக்க முடியுமா?" என்றார். 'அந்த ஆள்' என்றது இயந்திரத்தை. படங்களை எல்லாம் அணைத்துவிட்டு வெப்சைட்டைத் திறந்து காட்டினேன். முதலாளி இல்லை, அருவி இல்லை, புறா இல்லை, மயில் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம். அடியில் காதணி விழா.

அண்ணன் திரையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். "இத்தினி வருசமா வெத்துத் தாள மாட்டிவச்சிக்கினு பெரிய தொர மாதிரி நின்னு பாத்துக்கினு இருந்திருக்கேன்" என்றார். அன்றைக்கு டீ வந்தது, குடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

மறுநாள் புது மனிதராக வந்தார். எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிடுவதாகச் சூளுரைத்து, உட்கார்ந்து தட்டோ தட்டென்று தட்டினார். திரையில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற தமிழ். இயந்திரத்திடம் கேட்டோம். 'இந்தத் தளம் எந்த மொழியில் இருக்கிறது என்று அடையாளம் காண முடியவில்லை' என்றது.

"என் தமிழையா?" என்று எழுந்துவிட்டார் அண்ணன்.

அவர் தட்டியது பேனர் கடைக் காலத்துப் பழைய ஃபான்ட்டில். அந்த ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழாகத் தெரியும். மற்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக யாரோ கீபோர்டின் மேல் உட்கார்ந்து எழுந்ததுபோல் இருக்கும். ஏஜென்சிக்காரரிடமே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பாவம், வேலை கைவிட்டுப் போகுமே என்று பார்க்காமல், அதை மாற்றித் தருகிற ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்தார்.

மாற்றினோம். இப்போது இயந்திரத்துக்குத் தமிழ் தெரிந்தது. ஆனால் அண்ணன் எழுதியிருந்ததும் தெரிந்தது. அவருக்கு எழுத்து என்றால் பேனர் எழுத்துதான். 'நெய்வேலியின் நெஞ்சமெல்லாம் நிறைந்த இணைய வேந்தரே! அலைவரிசை அரசரே! இல்லந்தோறும் ஒளிபரப்பும் எங்கள் குலக்கொழுந்தே!' என்று பக்கம் பக்கமாக முதலாளியை வாழ்த்தித் தள்ளியிருந்தார். போதாததற்கு, 'எம் தளம் காண வருகை தரும் இயந்திரப் பெருந்தகையை இரு கரம் கூப்பி வரவேற்கிறோம்' என்று படிக்க வருகிற இயந்திரத்துக்கும் ஒரு வரவேற்பு.

மறுபடி கேட்டோம். 'இது ஓர் அரசரைப் போற்றும் அமைப்பாகத் தெரிகிறது. இவர்கள் இணைய இணைப்பு தருகிறார்களா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்றது.

முதலாளி என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். "அரசர்னா சொல்லுது?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "மாசம் முடியப்போகுதுய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் அண்ணன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. "போய் என்னன்னு பார்த்துட்டு வா, அவன் நீ சொன்னாத்தான் கேப்பான்" என்று முதலாளி என்னை வடக்குத்துக்கு அனுப்பினார்.

வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பேனரைத் தரையில் விரித்துப்போட்டு அண்ணன் குந்தியிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய பெரியம்மா. சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டவர். அண்ணன் அடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு பேனரையும் இந்த அம்மாவிடம் சொல்லிக் காட்டாமல் கட்டப் போகமாட்டாராம். கடை தொடங்கிய நாளிலிருந்து பழக்கம். என்னைத் தலையசைத்து உட்காரச் சொல்லிவிட்டு அண்ணன் தொடர்ந்து படித்தார். யாரோ உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து பேனர் அது.

"விண்ணதிர மண்ணதிர விழா காணும் எங்கள் வீட்டுச் சிங்கக்குட்டியே…"

"அது கெடக்குது. யாரு யாரு இருக்காங்க, அதச் சொல்லு" என்றார் பெரியம்மா.

"நடுவுல பையன். அழுதுக்கினு இருந்தான், நான் சிரிக்க வச்சிட்டேன்."

"அவங்கப்பன் எங்க நிக்கிறான்?"

"வலது பக்கம்."

"பொண்டாட்டிகிட்டயா?"

"இல்ல, நடுவுல மச்சான் நிக்கிறான்."

"அப்ப இன்னும் பேசிக்கல" என்று முடிவுக்கு வந்தார் பெரியம்மா. "சரி, எங்க வக்கிறாங்க? எப்ப போவணும்? சோறு உண்டா? அதெல்லாம் போட்டிருக்கா?"

அண்ணன் பேனரைக் குனிந்து பார்த்தார். சிங்கம் இருந்தது, பட்டாசு இருந்தது. மண்டபத்தின் பெயர் இல்லை.

நான் துள்ளி எழுந்தேன். "அண்ணே, அந்த மிஷினும் பெரியம்மா மாதிரிதாண்ணே! கண்ணு தெரியாது. வாழ்த்து வேணாம். என்ன, எங்க, எப்போ, அதைத்தான் கேட்குது!" என்று கத்தினேன்.

"யாருடா இந்தப் பொண்ணு, வந்ததும் சண்டை போடுது?" என்றார் பெரியம்மா.

"எங்க ஆபீசு தங்கச்சி பெரியம்மா. அது பேசறதே அப்படித்தான்."

பிறகு நடந்ததைப் பெரியம்மாவிடம் அண்ணன் முழுதாகச் சொன்னார். கம்பெனி, இயந்திரம், மாசக் கடைசி, எல்லாம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "பொழப்பு போயிடுமாடா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அண்ணன் பேனரைச் சுருட்டினார். பெரியம்மாதான், "சரி, நான் கேக்குறேன். நீ சொல்லு. அந்தப் பொண்ணு எழுதிக்கட்டும்" என்றார்.

பெரியம்மா கேட்கக் கேட்க, அண்ணன் சொல்லச் சொல்ல, நான் செல்போனில் தட்டினேன். நீங்க என்னா குடுக்கிறீங்க? வூட்டுக்கு இன்டர்நெட்டு, போனு, டிவி. எங்க வரைக்கும் உங்க கம்பி வருது? டவுன்ஷிப்புல எந்தெந்த வட்டம், வடக்குத்துல எந்தெந்தத் தெரு. மழைக்கு நிக்குமா? இங்கே அண்ணன் தயங்கி என்னைப் பார்த்தார்.

"சொல்லுடா" என்றார் பெரியம்மா.

"பேஞ்ச மழைக்குப் போவாது பெரியம்மா. காத்து அடிச்சி மரக்கெள வுழுந்தா போவும். சில சமயம் மயிலு கம்பி மேல குந்தி எழும்போது போவும்."

"போனா யாருகிட்ட சொல்றது?"

"இந்தத் தங்கச்சிகிட்டதான். எடுத்ததும் கோவமா பேசறாப்ல இருக்கும். ஆனா லைனு வர்ற வரைக்கும் லைன்மேன வூட்டுக்குப் போவ வுடாது."

"அதையெல்லாம் எழுத முடியாது" என்றேன் நான்.

"எழுதிக்கம்மா. கூப்புடறவங்க பயப்படாம இருப்பாங்க இல்ல" என்றார் பெரியம்மா. எழுதிக்கொண்டேன். அந்த அம்மாவிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

ஆபீஸ் திரும்பி எல்லாவற்றையும் எழுத்தாக ஏற்றினோம். ஏஜென்சிக்காரர் சொன்னபடி 'வருக'க்களைக் கழற்றினோம். பேத்தியைக் கழற்றும்போது மட்டும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டோம். அருவியையும் புறாவையும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் கண் தெரியாதவர்களுக்கு அந்தப் படம் என்னவென்று சொல்லும் குறிப்பு எழுத இடம் உண்டாம். அதை அறிந்ததும் அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. 'முதலாளி கை கூப்பி நிற்கிறார். பின்னால் மண் வெட்டும் மிஷின். நட்சத்திரம் உண்மை இல்லை, நான் போட்டது' என்று எழுதினார்.

மாசக் கடைசி வந்தது. ஆபீஸில் எல்லோரும் கூடிவிட்டோம். லைன்மேன்கள்கூட யாருடைய லைனையோ அந்தரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏஜென்சிக்காரர் வீடியோ காலில். அண்ணன் வாசலோரம் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார், எதற்கும் தயாராக. முதலாளி தன் செல்போனை மேஜை மேல் வைத்து, குரலைச் செருமிக்கொண்டு, டிரெய்னிப் பெண் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

செல்போன் வாய்விட்டுப் பேசியது. எங்கள் கம்பெனி பெயரைச் சொன்னது. டவுன்ஷிப்பிலும் வடக்குத்திலும் வீடுகளுக்கு இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் தரும் உள்ளூர் நிறுவனம் என்றது. முதலாளி மேஜையைத் தட்டினார். லைன்மேன்கள் விசில் அடித்தார்கள். அது நிறுத்தவில்லை. 'சாதாரண மழையில் இணைப்பு துண்டிக்கப்படாது. பலத்த காற்றில் மரக்கிளை விழுந்தாலோ, மயில் கம்பியில் அமர்ந்து எழுந்தாலோ துண்டிக்கப்படலாம் என்று நிறுவனமே தெரிவிக்கிறது. தொலைபேசியை எடுப்பவர் கோபமாகப் பேசுவதுபோல் தோன்றினாலும், இணைப்பு திரும்பும்வரை விடமாட்டார்.'

ஆபீஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. சென்னையிலிருந்தும் பார்த்தார்கள்.

"மயில் உட்கார்ந்தா லைன் போகும்னு யாருய்யா எழுதச் சொன்னது?" என்றார் முதலாளி.

"போவுது இல்ல சார்?" என்றார் அண்ணன்.

"போகுது. அதுக்காக?"

"பெரியம்மா கேட்டுச்சி சார். அதுகிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்ல."

வீடியோ காலில் ஏஜென்சிக்காரர் சிரித்துக்கொண்டே, "சார், இதைக் கலைக்காதீங்க. வேற யாரும் இப்படி எழுத மாட்டாங்க" என்றார். முதலாளி ஒரு பெருமூச்சு விட்டு, "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாய்யா" என்றார்.

அண்ணன் உள்ளே வந்தார். நேராக முதலாளியிடம் போய், அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிவிட்டார். "என்னய்யா பண்ற?" என்றார் முதலாளி. "ஒரு போட்டோ எடுத்துக்கலாம் சார், எல்லாரும்" என்றார் அண்ணன். முதலாளி தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் வரிசையாக எங்கள் எல்லோர் தலையையும் வாரிவிட்டார். நான் காலையில்தான் தலை பின்னிக்கொண்டு வந்திருந்தேன், அதையும் விடவில்லை.

அந்தப் போட்டோ வெப்சைட்டில் ஏறியது. அதற்குப் பின்னால் எழுத வேண்டிய குறிப்பை அவர் சொல்ல நான் தட்டினேன். முதலாளி நடுவில், சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். கணக்குப்பிள்ளை கண்ணை மூடிவிட்டார். லைன்மேன்கள் பின்னால், அவசரமாகப் போக வேண்டியவர்கள். ஓரத்தில் தங்கச்சி, முறைக்கிறாற்போல் இருக்கும், முறைக்கவில்லை.

"உங்களுக்கு என்னண்ணே எழுதறது?"

"நான்தான் படத்துலயே இல்லியே தங்கச்சி. எடுத்தவன் எங்க இருப்பான்?"

அந்த டிரெய்னிப் பெண்ணும் அவளோடு வந்த பிள்ளைகளும் எங்களிடமே இணைப்பு வாங்கினார்கள். "எல்லாரும் லைன் போகவே போகாதுன்னாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் மயிலைப் பத்திச் சொன்னீங்க" என்றாள். கூப்பிடும்போதெல்லாம், "மேடம், நீங்க கோபமா இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்று தொடங்குகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் கோபம் வருகிறது.

அண்ணன் இப்போது இங்கே இல்லை. ஓசூரில் இருக்கிற அவருடைய மகள் குழந்தை பெற்றதும் பெரியம்மாவையும் சேர்த்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்றைக்கு வெப்சைட்டின் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "புறாவ மட்டும் எடுத்துடாத" என்றார். எடுக்கவில்லை.

போன வாரம் அந்தக் குழுப் படத்தைத் திறந்தேன். அவர் சொல்லி நான் தட்டிய குறிப்பின் அடியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'படத்தில் இல்லாதவர், படம் எடுத்த பேனர் அண்ணன். எங்கள் எல்லோருக்கும் தலை வாரிவிட்டவர்.' இனி அந்த இயந்திரம், எங்கள் கண்ணில்லாத விருந்தாளி, வந்து படித்துக்கொண்டு போய், யார் கேட்டாலும் சொல்லட்டும். சேமிக்கும் முன், 'அவர் போனதிலிருந்து எங்கள் தலை கலைந்தே கிடக்கிறது' என்றும் தட்டினேன். ஓர் இன்டர்நெட் கம்பெனியைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு அது தேவையில்லாத தகவல்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.